சோறே இல்லாம பத்தாயிரம் வருஷம் ஓட்டினவங்க, நெல்லு வந்ததும் ஏன் ராஜா வச்சுக்கிட்டாங்க? (பழைய ஜப்பான்)

கல்தச்சன்:
வணக்கம் மக்களே. ரெண்டு வாரமா தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு ஜப்பானோட பழங்காலம் படிச்சிட்டு இருக்கேன், மண்டைக்குள்ள ஒரு விஷயம் குடைஞ்சுக்கிட்டே இருக்கு, இங்க கொட்டிடறேன். நமக்கு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்த வரிசை ஞாபகம் இருக்கா? மொதல்ல வேட்டை, அப்புறம் விவசாயம், விவசாயம் வந்ததால ஒரே எடத்துல குடியிருந்தான், குடியிருந்ததால பானை செஞ்சான், அப்புறம் ஊரு, அப்புறம் ராஜா. ஜப்பான்ல இந்த வரிசை செல்லுபடியே ஆகல. வடக்க ஆவோமோரி மாகாணத்துல ஓதாய் யாமமோத்தோன்னு ஒரு எடம், அங்க கெடைச்ச பானை ஓட்டுக்கு வயசு 16,000 வருஷத்துக்கும் மேல. பனிக்காலமே முடியல அப்போ! வயலும் கெடையாது, ஆடு மாடும் கெடையாது, ஆனா பானை இருக்கு.

இந்தப் பானை செஞ்சவங்களுக்கு ஜோமோன் ஆளுங்கன்னு பேரு, அவங்க அப்புறம் பத்தாயிரம் வருஷத்துக்கு மேல மீன், சிப்பி, கொட்டை, மான், காட்டுப்பன்னின்னு தின்னுக்கிட்டு ஊரு கட்டி வாழ்ந்திருக்காங்க. அதுக்கப்புறம் கொரியா பக்கமிருந்து நெல்லு வருது. வந்த கொஞ்ச நாள்லயே ஊரைச் சுத்தி அகழி, தலையில்லாத பொணம், மலை மாதிரி கல்லறை, ராஜா ராணி எல்லாம். அப்போ நெல்லு தான் வில்லனா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒசாகா பரதேசி:
அண்ணே சூப்பர் இழை. நான் இங்க வந்து ஒம்போது வருஷம் ஆச்சு, லீவு நாள்ல சைக்கிள எடுத்துட்டு கல்லறை மேடு பாக்கப் போறது தான் நம்ம பொழுதுபோக்கு, வீட்டம்மா திட்டும். ஆவோமோரில சன்னாய் மருயாமா போயிருக்கேன். 1992ல பேஸ்பால் ஸ்டேடியம் கட்டத் தோண்டினாங்க, கீழ ஒரு முழு ஊரே கெடந்திருக்கு, 1994ல ஸ்டேடியம் வேலையவே நிறுத்திட்டாங்க. சுமார் 5,900 வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு 1,700 வருஷம் போல ஆள் இருந்த எடம். ஆறு பெரிய குழி, ஒவ்வொண்ணுலயும் ஒரு மீட்டர் குறுக்களவுல கஷ்கொட்டை மரத் தூணோட அடிக்கட்டை அப்படியே ஈரத்துல ஊறிக் கெடந்திருக்கு, குழிக்குக் குழி 4.2 மீட்டர், அளந்து வச்ச மாதிரி. இப்போ அங்க அதே சைஸ்ல ஒண்ணு கட்டி வச்சிருக்காங்க, மேல கூரை இருந்துச்சா இல்லையான்னு சண்டை முடியாததால கூரை போடாமயே விட்டுட்டாங்க :) நேர்ல நின்னு பாத்தா வேட்டையாடி நாடோடின்னு நம்ம மனசுல இருக்கற படம் சுக்குநூறாயிடும்.

அங்க பச்சைக்கல் மணி கெடைச்சிருக்கு. அந்த ஜேடு கல்லு கெடைக்கறது நீகாத்தா மாகாணம் இத்தோய்காவா பக்கம், நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தெக்க. ஹொக்காய்டோவுல இருந்து எரிமலைக் கண்ணாடிக் கல்லு கடல் தாண்டி வந்திருக்கு. படகு, வியாபாரம் எல்லாம் இருந்துச்சு, ராஜா மட்டும் தான் இல்ல.

பழைய வாத்தியார்:
தம்பி கல்தச்சன், அந்த வரிசைய முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகைல எழுதிப் போட்டவன் நான் தான், மன்னிச்சிருப்பா. ஆனா ஒரு திருத்தம். ஜோமோன் ஆளுங்க விவசாயமே தெரியாதவங்கன்னு சொல்லிட முடியாது. சன்னாய் மருயாமாவுல கெடைச்ச கஷ்கொட்டையோட மரபணுவப் பாத்தா காட்டுல இருக்கற அளவுக்கு வேறுபாடு இல்ல, ஒரே மாதிரி இருக்கு, அதாவது தோப்பா பாத்து வளர்த்திருக்காங்க. நடு ஜப்பான் மலைப்பகுதில சோயாவும் அஸூக்கி பயறும் காட்டு விதைய விடப் பெருசா ஆகியிருக்கு. வயல் போடல, உழல, ஆனா சும்மா பொறுக்கித் தின்னுட்டும் போகல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு வாழ்க்கை, அதுக்கு நம்மகிட்ட சரியான பேரு இல்ல.

ஜோமோன்னா கயிறு அழுத்தின அடையாளம்னு அர்த்தம். அந்தப் பேருக்கே ஒரு கதை இருக்கு. 1877ல எட்வர்டு மோர்ஸ்னு ஒரு அமெரிக்க விலங்கியல்காரர் ஏதோ கடல் உயிரி ஆராய்ச்சிக்கு ஜப்பான் வர்றார். யோக்கோஹாமாவுல இருந்து டோக்கியோவுக்கு ரயில்ல போகும்போது ஜன்னல் வழியா ஒமோரிங்கற எடத்துல தண்டவாளத்துக்காக வெட்டின மேட்டுல வெள்ளையா சிப்பி தெரியுது. இது மனுஷன் தின்னு போட்ட சிப்பிடான்னு மனுஷனுக்கு டக்குனு புரிஞ்சுடுச்சு. தோண்டினா கயிறு அழுத்தின பானை ஓடு. ஜப்பான்ல முறையா நடந்த முதல் அகழாய்வு அது தான். ரயில் ஜன்னல் சீட்டுக்கு நாம ஏன் சண்டை போடறோம்னு இப்போ தெரியுதா.

மண்சட்டி:
வாத்தியார் ஐயா சிப்பி மேட்டைச் சொன்னதால ஒண்ணு சேர்க்கறேன். (காலேஜ்ல ரெண்டு சீசன் குழில உக்காந்து பானை ஓடு கழுவினவ நான், அந்த உரிமைல.) ஜப்பான் மண்ணு பெரும்பாலும் எரிமலைச் சாம்பல் மண்ணு, புளிப்பு அதிகம், எலும்பைக் கரைச்சுத் தின்னுடும். சிப்பில சுண்ணாம்புச் சத்து இருக்கறதால குப்பை மேட்டுல கெடந்த எலும்பு மட்டும் தப்பிச்சிருக்கு. அதனால நமக்குத் தெரிஞ்ச ஜோமோன் மனுஷங்க நிறைய பேரு கடலோரத்துக்காரங்க. மலைல இருந்தவங்க எப்படிச் செத்தாங்க, அடிபட்டாங்களா, நமக்கு ரொம்பக் கம்மியாத் தான் தெரியும். இத மனசுல வச்சுக்கிட்டு தான் மேல பேசணும்.

அந்த சோயா விஷயம் கண்டுபிடிச்ச விதம் ரொம்ப அழகு. பானை செய்யும்போது களிமண்ணுல விதை ஒட்டிக்கும், சுடும்போது எரிஞ்சு போயிடும், ஓட்டைல அச்சு மட்டும் நிக்கும். அந்த ஓட்டைக்குள்ள சிலிக்கான் ஊத்தி எடுத்து மைக்ராஸ்கோப்புல பாத்தா விதையோட தோல், தழும்பு எல்லாம் தெரியுது. நாங்க வாளி வாளியா ஓடு கழுவினோமே, அதுல எத்தனை ஓட்டைய கவனிக்காம விட்டோமோன்னு நெனச்சு வயிறு எரிஞ்சுச்சு. பானை எதுக்குன்னு கேட்டா அதுக்கும் பதில் வந்துடுச்சு, 2013ல ஆரம்பகால ஜோமோன் பானைல ஒட்டியிருந்த கொழுப்ப ஆராய்ஞ்சாங்க, பெரும்பாலும் மீனு, கடல், ஆறு சமாச்சாரம் தான். மீன் குழம்புச் சட்டி தான் முதல்ல வந்துச்சு, சோத்துப் பானை ரொம்பப் பின்னாடி.

தமிழ்வேந்தன்:
யாருமே ஓனோ சுசுமு பத்தி ஏன் பேச மாட்டேங்கறீங்க? ஜப்பானிய மொழியே தமிழ்ல இருந்து வந்ததுன்னு ஜப்பான்காரரே சொல்லியிருக்காரு. நெல்லு, பொங்கல், தாழி எல்லாமே நம்மகிட்ட இருந்து போனது தான். இத மறைக்கறாங்க.

பழைய வாத்தியார்:
யாரும் மறைக்கலப்பா. ஓனோ பெரிய அறிஞர், பழைய ஜப்பானிய மொழில அவர் செஞ்ச அகராதி வேலைய யாரும் குறை சொல்ல முடியாது. ஆனா தமிழ்த் தொடர்பு பத்தி அவர் சொன்னத மொழியியல்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கல, ஒலி மாற்றம் ஒழுங்கா வரிசையா அமையலன்னு தான் முக்கிய எதிர்ப்பு. தொல்லியல் பக்கம் பாத்தா நெல்லு, வயல் கட்டற முறை, கல் அரிவாள், ஆரம்பகால யாயோய் (ஜோமோனுக்கு அடுத்து, நெல்லு வந்த காலம்) பானை எல்லாமே தென் கொரியாவக் காட்டுது. தாழில பொதைக்கறது உலகத்துல எத்தனையோ எடத்துல இருக்கு. ரெண்டு வீட்டுல தோசைக்கல்லு இருக்குன்னா சம்பந்தின்னு ஆயிடுமா?

மண்சட்டி:
ஆனா வேந்தன் அண்ணா மனசு நோக வேண்டாம், நெஜமாவே ஒரு சின்னத் தொடர்பு இருக்கு. யாயோய், அதுக்கு அப்புறம் வந்த கொஃபுன் காலக் (பெரிய கல்லறை மேடு கட்டின காலம்) கல்லறைகள்ல ஒத்தை நிறத்துல சின்னச் சின்ன கண்ணாடி மணி நிறைய கெடைக்குது. கண்ணாடிக் குழாயா இழுத்து வெட்டற முறை, நம்ம அரிக்கமேட்டுல செஞ்சாங்களே அதே முறை. ரசாயனம் பாத்தா அதுல ஒரு பகுதி தென்னிந்தியா, தென்கிழக்கு ஆசியா பக்கத்துக் கண்ணாடி. கை மாறிக் கை மாறிப் போனது, யாரும் நேரா கப்பல் விடல. மொழி போச்சு, மக்கள் போனாங்கன்னு இத வச்சு சொல்ல முடியாது. மணி போச்சு, அவ்வளவு தான், அதுவே பெரிய விஷயம் இல்லையா?

தமிழ்வேந்தன்:
மணி விஷயம் தெரியாது அக்கா. நன்றி. ஓனோ பத்தி இன்னும் பேசலாம், தனி இழை போடறேன்.

கல்தச்சன்:
தயவுசெஞ்சு தனி இழைலயே பேசுங்க :) மறுபடி என் கேள்விக்கு வர்றேன். 2016ல ஒரு ஆய்வு, ஜோமோன் எலும்புக்கூடு ரெண்டாயிரத்துக்கு மேல பாத்ததுல, வளர்ந்தவங்கள்ல அடிதடில அடிபட்ட அடையாளம் 1.8 சதவீதம் தான். அக்கா சொன்ன மாதிரி கடலோரத்துக்காரங்க தான் அதிகம்னு வச்சுக்கிட்டாலும் ரொம்பக் கம்மி. இப்போ யாயோய் பக்கம் வாங்க. தொத்தோரி மாகாணத்துல ஆவோயா காமிஜிச்சிங்கற எடத்துல ஒரு வாய்க்கால்ல நூறு பேருக்கு மேல எலும்பு குவிஞ்சு கெடக்கு, நெறைய எலும்புல ஆயுதம் பட்ட வெட்டு, பொண்ணுங்க, கொழந்தைங்க எலும்பும் சேர்த்து. ஈரமண்ணுங்கறதால சில மண்டைக்குள்ள மூளையே மிச்சம் இருந்திருக்கு. சாகா மாகாணத்துல யோஷினோகாரி, சுத்தி ரெண்டரை கிலோமீட்டர் அகழி. தாழிக்குள்ள தலையில்லாத உடம்பு. எல்லாம் நெல்லு வந்த அப்புறம் தான். கணக்கு சரியா வருதே?

ஒசாகா பரதேசி:
யோஷினோகாரி இந்த வசந்தத்துல தான் போயிட்டு வந்தேன். அதுவும் தொழிற்பேட்டைக்காகத் தோண்டப் போயி 1986ல ஆரம்பிச்ச வேலை, 1989ல பேப்பர்ல வந்ததும் ஜனம் திருவிழா மாதிரி குவிஞ்சுதாம். இங்க பெரும்பாலான அகழாய்வு இப்படித் தான், யாராவது ரோடு போடணும் கட்டடம் கட்டணும்னா முன்னாடி தோண்டிப் பாக்கணும், செலவு பெரும்பாலும் கட்டறவன் தலைல தான்.

அங்க வடக்க ஒரு பொதைமேடு இருக்கு. சாதாரண சனத்தோட தாழிங்க 600 மீட்டருக்கு வரிசையா ரேஷன் கடை க்யூ மாதிரி நிக்குது. இந்த மேட்டுல மட்டும் 14 தாழி, அதுல எட்டுல வெண்கலக் குத்துவாள், ஒண்ணுல நீலக் கண்ணாடிக் குழாய் மணி 79. சாவுலயே விஐபி வரிசை வந்துடுச்சு பாருங்க. அந்த எடத்துல நின்னு பாக்கறப்ப எனக்கு அண்ணன் சொல்றது தான் சரின்னு பட்டுச்சு.

மண்சட்டி:
எனக்குப் படல. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும்.

கல்தச்சன் அண்ணா "வந்த கொஞ்ச நாள்லயே"ன்னு எழுதினீங்க இல்ல, அங்க தான் சிக்கல். ரொம்ப நாளா யாயோய் காலம் கிமு 5, 4ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சதுன்னு தான் எல்லாரும் எழுதினாங்க. 2003ல தேசிய வரலாறு நாட்டுப்புறவியல் அருங்காட்சியகக் குழு பானைல ஒட்டியிருந்த கரிய எடுத்து கார்பன் டேட்டிங் செஞ்சு, இல்லங்க கிமு 10ஆம் நூற்றாண்டுன்னு அறிவிச்சாங்க. ஒரேயடியா 500 வருஷம் பின்னால! பெரிய ரகளை. மீனு சமைச்ச கரின்னா வயசு கூடக் காட்டும், ஏன்னா கடல்ல இருக்கற கார்பனே பழசு, அது ஒரு எதிர்ப்பு. இரும்பு எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்திருக்கும், சீனாவுலயே அப்போ பரவலயேன்னு இன்னொண்ணு. அப்புறம் அந்த ஆரம்பகால இரும்புத் துண்டுங்களயே திரும்பப் பரிசோதிச்சு, அது அந்த அடுக்குக்குத் தான் சொந்தமான்னே சந்தேகம்னு வந்துச்சு. சரியா எந்த வருஷம்ங்கறதுல இன்னும் பேச்சு ஓடுது, ஆனா பழைய தேதிக்கு பெரும்பாலும் யாரும் திரும்பிப் போகல.

அப்போ கணக்கு போடுங்க. ஃபுக்குவோக்கா இத்தாஸுக்கே, கராட்சு பக்கத்துல நபத்தாக்கே, இங்கெல்லாம் வாய்க்கா வரப்போட வயல் போட்டதுல இருந்து பெரிய கல்லறை மேடு வர்ற வரைக்கும் ஆயிரத்து இருநூறு வருஷம் போல இருக்கு. ஆயிரத்து இருநூறு! நெல்லு மட்டும் தான் காரணம்னா ஏன் இவ்வளவு நாள் ஆச்சு? இன்னொண்ணு, சேமிச்சு வச்சா ஏற்றத்தாழ்வு வரும்பாங்க, ஜோமோன் ஆளுங்களும் குழி குழியா ஓக் கொட்டை சேமிச்சவங்க தானே.

வடக்க பாருங்க. ஆவோமோரி தாரேயானாகில 656 சின்னச் சின்ன வயல் கண்டுபிடிச்சாங்க, நடந்தவங்க கால் தடம் கூட இருக்கு. கொஞ்ச காலம் நெல்லு போட்டுட்டு விட்டுட்டாங்க. ஹொக்காய்டோ பக்கமே நெல்லு போகல, அங்க மீனு வேட்டைன்னு பழைய வாழ்க்கை தொடர்ந்துச்சு. நெல்லு வந்தா ராஜா வந்தே தீரணும்னு ஒரு விதியும் இல்ல.

நடுராத்திரி வாசகன்:
புதுசா சேர்ந்திருக்கேன், ஒரு அடிப்படைக் கேள்வி. இந்த 16,000 வருஷம், 1,200 வருஷம் எல்லாம் எப்படி நம்பறது? ஜப்பான்ல ஒருத்தர் கல்லைப் பொதைச்சு வச்சு மாட்டிக்கிட்டார்னு எங்கயோ படிச்சேனே.

பழைய வாத்தியார்:
ஃபுஜிமுரா ஷினிச்சி. 'கடவுளின் கை'ன்னு பேரு வாங்கின ஆளு, எங்க கை வச்சாலும் பழைய கல்லாயுதம் வரும். 2000 நவம்பர்ல மைனிச்சி பேப்பர்காரங்க கேமரா ஒளிச்சு வச்சு, மியாகி மாகாணத்துல அவரே விடியக்காலைல குழி நோண்டி கல்லைப் பொதைக்கறத படம் புடிச்சுப் போட்டுட்டாங்க. பாடப்புத்தகத்தையே மாத்த வேண்டியதாப் போச்சு. ஆனா அது எல்லாம் ஜோமோனுக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி, லட்சக்கணக்கான வருஷம் பின்னால கொண்டு போன பழைய கற்காலக் கதை. இப்போ நாம பேசற பானை, வயல் எதுவும் அதுல சேராது. பானைல ஒட்டின கரிய எவனும் பொதைச்சு வைக்க முடியாது.

அதே துறைல எதிர் உதாரணமும் சொல்லணும். ஐஸாவா தாதாஹிரோன்னு ஒருத்தர், சைக்கிள்ல நாட்டோ, அதான் புளிக்க வச்ச சோயா, ஊர் ஊரா வித்துப் பொழைச்சவர். போர் முடிஞ்ச 1946ல குன்மா மாகாணம் இவாஜுக்குல ரோட்டோர செம்மண் வெட்டுல கல்லாயுதத்தைப் பாத்தார். பானைக்கு முன்னாடி ஜப்பான்ல மனுஷனே இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டிருந்த காலம். 1949ல மெய்ஜி பல்கலைக்கழகக்காரங்க தோண்டி அவர் சொன்னது சரின்னு நிரூபிச்சாங்க. படிச்ச கூட்டம் ரொம்ப நாள் அவருக்கு உரிய மரியாதைய குடுக்கல. எனக்கு அதுல இன்னும் கோவம் உண்டு.

கல்தச்சன்:
சரி அக்கா, 1,200 வருஷக் கணக்கு என்னை அடிச்சுப் போட்டுடுச்சு, ஒத்துக்கறேன். நான் பழைய புத்தகத்துத் தேதிய மனசுல வச்சு எழுதிட்டேன். அப்போ அகழி, வெட்டு எல்லாம்? நெல்லு இல்லன்னா வேற என்ன?

மண்சட்டி:
நெல்லு ஒரு பங்கு தான். வயல்னா தண்ணி, தண்ணின்னா மேல்மடை கீழ்மடை சண்டை, இது நம்ம ஊருக்காரங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா அந்தச் சண்டை பக்கத்து ஊரோட நிக்கும். நாடு பூரா ஒரே மாதிரி கல்லறை கட்டற அளவுக்கு ஒரு கூட்டம் மேல வரணும்னா வேற ஏதோ வேணும். என் கணிப்பு இரும்பு. ஜப்பான்ல சொந்தமா இரும்பு உருக்கறது 6ஆம் நூற்றாண்டு வாக்குல தான் தெளிவாத் தெரியுது, அது வரைக்கும் கொரியாவோட தென்முனைல இருந்து பாளமா வாங்கிட்டு வந்து அடிச்சிருக்காங்க. மம்முட்டி முனை, வாள், அம்பு எல்லாத்துக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் கையேந்தணும். அந்தக் கடல் வழிய யாரு கைல வச்சிருக்காங்களோ அவன் தான் பெரியவன். நாராவுல (ஒசாகாவுக்குக் கிழக்க) ஒரு பெரிய கல்லறைக்குத் துணையா இருக்கற சின்ன மேட்டுல 872 இரும்புப் பாளம் சும்மா பொதைச்சு வச்சிருந்தாங்க. அத நெனச்சுப் பாருங்க, ஊருக்கே மம்முட்டி செய்யற இரும்பை மண்ணுக்குள்ள போட்டுட்டுப் போறான்னா அவன் திமிரு எப்படி இருக்கணும்.

ஒசாகா பரதேசி:
திமிரு பத்திப் பேசினா எங்க ஊரு தாய்சென் கல்லறைய விட முடியாது. சாகாய்ல இருக்கு, நீளம் 486 மீட்டர், சாவித்துவாரம் வடிவம், சுத்தி மூணு அகழி. ஒரு கட்டுமானக் கம்பெனி 1985ல கணக்குப் போட்டுச்சு, பழைய முறைல கட்டினா நாளைக்கு 2,000 பேர் வரைக்கும் வேலை செஞ்சா 15 வருஷம் 8 மாசம். காமெடி என்னன்னா நேர்ல போனா ஒண்ணுமே தெரியாது, ஒரு குளம், அந்தப் பக்கம் ஒரு காடு, அவ்வளவு தான். மாநகராட்சி கட்டடத்துல 21வது மாடி ஏறினாலும் சாவித்துவாரம் தெரியாது, பச்சைக் காடு தான் தெரியும். ஊருல இருந்து வந்த மாமாவ அங்க கூட்டிட்டுப் போயி "இதுக்கா ரயில் செலவு பண்ண"ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஆனா அக்கா, இரும்பு தான்னா, தென்மேற்குத் தீவு கியூஷுவோட வடக்குப் பக்கம் தானே கொரியாவுக்குப் பக்கம்? அங்க இல்லாம நாரா பக்கம் ஏன் மேல வந்துச்சு?

மண்சட்டி:
மாட்டிக்கிட்டேன். இது தான் எல்லாரும் முட்டிக்கற எடம். யாயோய் காலத்துல இரும்பு அதிகம் கெடைக்கறது கியூஷுல, நாரால ரொம்பக் கம்மி. ஆனா 3ஆம் நூற்றாண்டுல நாராவுல மாக்கிமுக்குன்னு ஒரு எடம் திடீர்னு முளைக்குது. வெளியூர்ப் பானை அங்க எக்கச்சக்கம், கிழக்க இருந்து, மேற்க இருந்து, கடல் பக்கமிருந்து. விவசாயக் கருவி கம்மி. பெரிய கட்டடம் ஒண்ணு 2009ல கண்டுபிடிச்சாங்க, பக்கத்துக் குழில ரெண்டாயிரத்துக்கு மேல பீச் பழக்கொட்டை. விவசாய ஊரு மாதிரியே இல்ல, பல தேசத்துக்காரங்க கூடிப் பேசி உண்டாக்கின எடம் மாதிரி இருக்கு. போரை நிறுத்தறதுக்கு ஒரு ஏற்பாடோ என்னவோ.

பழைய வாத்தியார்:
சீனாவுல வெய் அரச வம்சத்தோட வரலாறு சொல்றதும் அது தான். நாடு ரொம்ப நாள் சண்டைல கெடந்துச்சு, கடைசில எல்லாரும் சேர்ந்து ஹிமிக்கோங்கற பொம்பளைய ராணியா ஏத்துக்கிட்டாங்க. 239 வாக்குல அவ சீனாவுக்கு ஆள் அனுப்பறா, அங்க இருந்து முகம் பாக்கற வெண்கலக் கண்ணாடி 100 பரிசா வருது. இப்போ ஜப்பான்ல முக்கோண விளிம்பு வச்ச கண்ணாடின்னு ஒரு வகை 500க்கு மேல கெடைச்சிருக்கு, குரொஸூக்காங்கற ஒரே கல்லறைல 33. நூறு குடுத்தா ஐநூறு எப்படி ஆச்சு? சீனாவுல இந்த வகை தோண்டி எடுத்ததா உறுதியா ஒண்ணும் இல்ல. ஜப்பான்லயே வார்த்தாங்களான்னு ஒரு கட்சி, ஏற்றுமதிக்குன்னே செஞ்சாங்கன்னு ஒரு கட்சி. அவ தலைநகரம் கியூஷுவா நாராவான்னு சண்டை பல தலைமுறையா ஓடுது. எனக்கு நாரா பக்கம் சாயத் தோணுது, ஆனா பந்தயம் கட்ட மாட்டேன்.

நடுராத்திரி வாசகன்:
அந்த ராணியோட கல்லறைய தோண்டிட்டா முடிஞ்சுதே?

ஒசாகா பரதேசி:
அது தான் தோண்ட விட மாட்டாங்களே. மாக்கிமுக்குல இருக்கற ஹாஷிஹாகா மேடு, 280 மீட்டர், காலம் 3ஆம் நூற்றாண்டு நடுவுலன்னு ஒரு கணக்கு, ஹிமிக்கோ செத்தது 248 வாக்குல. ஆனா அரண்மனை அலுவலகம் அத ஒரு பழைய இளவரசியோட கல்லறைன்னு கணக்குல வச்சிருக்கு, அரச குடும்பத்துப் பொதையிடம்னா உள்ள யாரும் கால் வைக்கக் கூடாது, முன்னோர் தூங்கறாங்கன்னு. 2013ல ரொம்பக் கேட்டுக் கேட்டு 16 ஆராய்ச்சியாளருங்கள மட்டும் உள்ள விட்டாங்க. ஒண்ணரை மணி நேரம் போல கீழ்ப்படியச் சுத்தி நடந்தாங்க, பாத்தாங்க, எறங்கிட்டாங்க. ஒரு கரண்டி மண்ணு கூட எடுக்கல.

கல்தச்சன்:
நடந்தாங்களா. வெறுமனே நடந்தாங்களா!

மண்சட்டி:
எங்க குழில இருந்த மேஸ்திரி அண்ணன் இத கேட்டிருந்தா அன்னிக்கே மம்முட்டிய வீசிட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு.

ஒசாகா பரதேசி:
அடுத்த மாசம் ஹாஷிஹாகா பக்கம் சைக்கிள்ல போறேன், பக்கத்துல ஒரு குளம் இருக்கு, அந்தக் கரைல இருந்து படம் எடுத்துப் போடறேன். காடு தான் தெரியும், இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் மாமா மாதிரி திட்டக் கூடாது.